பகலில் பார்த்த யானை

"யானை பாக்கவா? அதுக்கு எதுக்கு மதினி ஏரோப்ளேன்? இங்கன பரண்ல ரெண்டு நாள் படுத்தா அவுகளே வந்துட்டுப் போவாகளே!"

பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எங்கள் வாழைத் தோட்டத்தில் வேலைக்கும் காவலுக்கும் இருப்பவன் அவன். கென்யா போகிறோம், காட்டுக்குள் வண்டியில் சுற்றி மிருகம் பார்க்கப்போகிறோம் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தச் சிரிப்பு. அவன் சிரித்ததில் தப்பில்லை. உத்தமபாளையம் பக்கத்துக் கூடலூருக்கு மேலே மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் யாரும் யானை பார்க்கக் காசு கொடுக்க மாட்டார்கள். வராமல் இருப்பதற்கு வேண்டுமானால் கொடுப்பார்கள்.

பாண்டி யானை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான். 'பெரியவுக' என்பான். என் வீட்டுக்காரருக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அவருக்கு அது 'சனியன்'தான். தொடர்ந்து மூன்று வருடம், வாழை குலை தள்ளி, இன்னும் கொஞ்ச நாளில் வெட்டிவிடலாம் என்கிற நேரம் பார்த்து யானை இறங்கியது. அவரும் பாண்டியும் மாறி மாறித் தோட்டத்துக் காவல் பரணில் படுத்தார்கள். எண்ணெய்த் தகரத்தைத் தட்டினார்கள், வெடி போட்டார்கள். ஒருமுறை யானை திரும்பித் துரத்தியதில் அவர் இருட்டில் ஓடி வாய்க்காலுக்குள் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். இன்றைக்கும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம், பொங்கல் கழிந்து, கம்பிச் சுருள்களாக வாங்கி வந்து மோட்டார் ரூமில் அடுக்கினார். சோலார் வேலி போடப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. மோட்டாருக்கு வரும் மின்சாரத்தையே ராத்திரியில் நேராகக் கம்பிக்குக் கொடுக்கிற யோசனை. அதைத் தொட்டால் யானை செத்து விழும். மனிதன் தொட்டாலும் அதேதான். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் ஆள் மாட்டிய கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் பெரிய சண்டை. "ஜெயிலுக்குப் போகணுமா? பாவத்தச் சுமக்கணுமா?" என்று கேட்டேன்.

"நீ பள்ளிக்கூடத்துல படம் போட்டுக் காட்டுற யானை வேற. என் தோட்டத்துக்கு வர்ற யானை வேற" என்றார்.

நான் உத்தமபாளையத்தில் புவியியல் டீச்சர். சவன்னாப் புல்வெளி என்று கரும்பலகையில் எழுதி, ஒரு குடை மரம், ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்து, வருடா வருடம் அதையே நடத்தி வந்தவள். என் தம்பி கண்ணன் நைரோபியில் கட்டடக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். "வாக்கா, வாக்கா" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான். சவன்னாவைக் கண்ணால் பார்க்கிற ஆசை எனக்கு உண்டுதான். ஆனால் அந்த மே மாதம் கிளம்பியதற்கு உண்மையான காரணம் அந்தக் கம்பி. கொஞ்ச நாள் தள்ளி இருந்தால் இவர் மனம் ஆறும், யானையும் வேறு பக்கம் போகும் என்று ஒரு கணக்கு.

மாட்டேன் என்று குதிப்பார் என எதிர்பார்த்தேன். "சரி, போவோம்" என்றார். திரும்பி வருகிற வரை கம்பியைத் தொடமாட்டேன் என்று சத்தியமும் செய்தார். இவ்வளவு சுலபமாக இவர் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. சந்தோஷத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

கண்ணன் போனில் தலையில் அடித்துக்கொண்டான். "மே மாசம் இங்க மழைக்கா. புல்லு ஆளுயரத்துக்கு நிக்கும். சேத்துல வண்டி மாட்டும். யாருமே வரமாட்டாக."

"பள்ளிக்கூடத்துக்கு லீவு மே மாசந்தான்டா. சிங்கத்துக்குத் தோதா எனக்கு லீவு குடுப்பாகளா?" என்றேன்.

பெட்டியில் நான் இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் வைத்தேன். அவர் பரணுக்குக் கொண்டுபோகும் அஞ்சு கட்டை டார்ச் லைட்டைத் துணிக்கு நடுவில் சொருகினார். "பகல்லதானங்க போறோம்" என்றால், "யானைன்னா டார்ச் வேணும்" என்கிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். சிங்கம் கடித்தால்கூட இத்தனை வலிக்காது என்று புலம்பினார்.

நைரோபியில் இறங்கியதும் குளிர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் தெருமுனைக் கடையில் ஒரு அம்மாள் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அங்கேயும் சப்பாத்தி என்றுதான் பெயர். டீக்குச் சாய். பெயர் கேட்டதிலேயே என் வீட்டுக்காரருக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மதியம் கண்ணன் உகாலி வாங்கிக் கொடுத்தான். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கூடவே கீரை வதக்கல். பக்கத்து மேசைக்காரர்கள் கையால் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட்டார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டு ஸ்பூனைத் தள்ளி வைத்தார். "நம்ம களிதான். உப்புப் போடாம விட்டுட்டாக" என்று சொல்லி இரண்டு உருண்டை உள்ளே தள்ளினார். ஊறுகாயை எடுத்து நடுவில் வைத்ததும் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் தயங்காமல் தொட்டு நக்கிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் ஊரில் எப்படிப் பேசுகிறார்கள்?" என்று கேட்டதாகக் கண்ணன் மொழிபெயர்த்தான்.

தெருவில் ஓடும் சின்ன வேன்களுக்கு மட்டாட்டு என்று பெயர். கதவில் தொங்குகிற பையன்கள், அலறுகிற பாட்டு, மடியில் கோழி. ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டில் ஏறும் ஜீப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரே வித்தியாசம், நம் ஜீப்பில் பாட்டு இல்லை.

சாவோ காட்டுக்குப் போகும் வழியெல்லாம் லாரிகள். ஜோசப் என்பவர் வேன் ஓட்டினார். நின்றுகொண்டு பார்ப்பதற்காகக் கூரையைத் தூக்கி வைக்கும் வேன். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். ஆங்கிலமும் சுவாஹிலியும் கலந்து பேசுவார். கண்ணன் இருந்ததால் எங்களுக்குக் கஷ்டமில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் என் கரும்பலகைப் படம் பொய்யாகிவிட்டது. வறண்ட மஞ்சள் புல் என்று நடத்தியிருந்தேன். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. மண் ரத்தச் சிவப்பு. நடுவில் ஒரு வரிக்குதிரை நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தபோது, எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் பார்க்காமலே நடத்தியிருக்கிறேனே என்று இருந்தது. இவரோ மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மண்ணு பாரு ஈசு. இதுல நெலக்கடலை போட்டா எப்படி வரும்!" என்றார் என்னிடம்.

ஒட்டகச்சிவிங்கி பார்த்தோம். தூரத்தில், புல்லுக்குள் காது மட்டும் தெரிய, ஒரு சிங்கம். யானையைக் காணவில்லை. மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர் இருப்பதால் கூட்டங்கள் பிரிந்து போய்விடும் என்றார் ஜோசப். மறுநாளும் இல்லை. "கூடலூர்ல இருந்திருந்தா இந்நேரம் மூணு தடவ பாத்திருக்கலாம்" என்று இவர் முணுமுணுத்தார். வழியில் ஒரு இடத்தில் யானை போட்ட லத்தி கிடந்தது. ஜோசப் வண்டியை நிறுத்த, இவர் எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இவரிடம் இருப்பது கோபம் மட்டும் இல்லை என்று.

சனிக்கிழமை காலையில் வந்துவிட்டன. ஒரு வளைவில் திரும்பி, ஜோசப் வேனை ஓரமாக நிறுத்தி, கூரையைத் தூக்கி வைத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் எழுந்து நின்று எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தோம். புதர் விலகியது. சிவப்பு யானைகள். அந்த மண்ணில் புரண்டு புரண்டு உடம்பெல்லாம் செங்கல் நிறம். பெரியதும் சிறியதுமாக ஒரு கூட்டம், வேனுக்குக் கல்லெறி தூரம்கூட இல்லை.

அடுத்த நொடி என் காதருகே கணகணவென்று ஒரு சத்தம். இவர் டம்ளரை வேன் கூரையின் இரும்பு விளிம்பில் ஓங்கி ஓங்கித் தட்டுகிறார். "ஏய்! போ! போ! ஏலே பாண்டி, வெடியப் போடுறா!" என்று கத்துகிறார். பாண்டி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை.

யானைகள் ஓடவில்லை. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பின்பக்கமாக ஒதுங்கி ஒரு வட்டமாக நின்றன. அந்தக் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. பிறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டு, தாயின் முன்னங்கால்களுக்கு இடையில் முகத்தைப் புதைத்தது. கூட்டத்தின் பெரிய பெண் யானை காதை விரித்து, பிளிறிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தது. செத்தோம் என்றே நினைத்தேன். கண்ணன் என் முழங்கையைப் பிடித்த இடம் பிறகு கன்றிப்போயிருந்தது.

ஜோசப் வேனைக் கிளப்பவில்லை. இவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினார். யானை வேனுக்கு முன்னால் வந்து நின்றது. மண்ணைக் காலால் உதைத்தது. பிறகு தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தபடியே நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் திரும்பி மெதுவாக நடந்துபோனது. குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு கூட்டமும் போயிற்று.

அதற்குப் பிறகு ஜோசப் வாய் திறந்தார். "என் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். உங்களுக்குப் பைத்தியமா? குட்டியோடு இருக்கும் யானையிடம் யாராவது இப்படிச் செய்வார்களா?" என்று கத்தினார். கண்ணன் மன்னிப்புக் கேட்டு, ஊரில் நடப்பதை எல்லாம் சொன்னான். வாழை, தகரம், பரண், முறிந்த தோள். ஜோசப் கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் அம்மா சட்டி மூடியைத் தட்டுவாள்" என்றார். அவருடைய ஊர் இந்தக் காட்டின் ஓரத்தில்தானாம். சோளம் கதிர் பிடித்ததும் யாரும் தூங்க மாட்டார்களாம். சொல்லிவிட்டு டம்ளரை இவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

இவர் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "அதுக்குக் கண்ணுல எமை முடி இருக்கு ஈசு. எம்புட்டு நீளமா இருக்கு" என்றார்.

"ஏங்க, இத்தனை வருசமாப் பாக்குறீக, தெரியாதா?"

"நான் எங்க பாத்தேன்? ராத்திரியிலதான் வருது. டார்ச்சு அடிச்சா ஒரு முதுகு தெரியும், தந்தம் மின்னும். மரம் முறியிற சத்தம் கேக்கும். பகல்ல, மூஞ்சிய, இன்னைக்குத்தான் பாக்கேன்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இத்தனை வருடமாக இந்த மனிதர் சண்டை போட்டது ஒரு இருட்டோடு.

மதியச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. தங்கியிருந்த இடத்தின் வராந்தாவில் நான் அவருக்குப் பிடித்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து வைத்திருந்தேன். கையை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "ஈசு, பாண்டிகிட்டக் கம்பியக் கட்டச் சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புதன்கிழமைக்குள் பாண்டி வேலியைச் சுற்றிக் கம்பி இழுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். "எதாச்சும் ஆனா, நான் ஊருலயே இல்லைன்னு ஆயிரும்ல. அதான் நீ கூப்பிட்டதும் வந்தேன்."

"அப்பப் பாண்டி? அவன் ஊர்லதான இருக்கான்?"

அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார். என் வாழ்க்கையில் அவரை அடிக்க வேண்டும் என்று தோன்றியது அந்த ஒரு முறைதான். வெள்ளிக்கிழமை ராத்திரி முடிந்துவிட்டது. அந்த வேலியை ஒட்டித்தான் காலனிப் பெண்கள் விடிவதற்கு முன்னால் விறகுக்குப் போவார்கள். பாண்டியின் மனைவியும் அதில் ஒருத்தி.

காட்டுக்குள் எங்கேயும் போன் எடுக்கவில்லை. வோய் என்கிற ஊருக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். விஷயத்தைச் சொன்னதும் ஜோசப் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை எடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் வேன் சேற்றில் இறங்கி அச்சு வரை புதைந்தது. நானும் கண்ணனும் சேலையும் பேன்ட்டும் செம்மண் சேறாகும்படி தள்ளினோம். இவர் முறிந்த தோளைக் கொடுத்துத் தள்ளினார். "மச்சான், தோளு, தோளு" என்று கண்ணன் கத்தியது அவர் காதில் விழவே இல்லை. வழியில் போன ஒரு லாரியில் இருந்தவர்கள் இறங்கி வந்து கைகொடுத்த பிறகுதான் வண்டி மேலே ஏறியது.

அவர்களில் ஒருவர், "சிங்கம் பார்த்தீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஜோசப் வண்டியைக் கிளப்பினார். ஊரில் இந்நேரம் இருட்டத் தொடங்கியிருக்கும். இருட்டியதும் பாண்டி மோட்டார் ரூமுக்குப் போவான். நான் நினைத்ததெல்லாம் அதுதான். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரைகள் கூட்டமாக நின்றதாகக் கண்ணன் பிறகு சொன்னான். நான் பார்க்கவில்லை.

வோய் ஊரின் முதல் பெட்ரோல் பங்க்கில் சிக்னல் வந்தது. கண்ணன் பாண்டியின் நம்பரைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை எடுத்தான்.

"பாண்டி, கம்பிக்குக் கரண்டு குடுத்தியாடா?" என்று இவர் கத்தினார்.

"எங்கண்ணே குடுக்க? வியாழக்கெழம சாயந்தரம் இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் போயிருச்சு. இந்தா இந்த நிமிசம் வரைக்கும் கரண்டு இல்ல. கம்பி சும்மாதான் கெடக்கு."

இவர் பங்க்கின் சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை. எங்கள் யாருடைய நல்ல மனசும் இதைத் தடுக்கவில்லை. ஒரு இடி தடுத்தது. அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். உங்க நம்பருக்குப் போடத் தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன்." பாண்டியின் குரல் இறங்கியது. "நேத்து ராத்திரி பெரியவுக வந்தாகண்ணே. கீழ் வரப்பு வாழை பூராம் போச்சு. குலை தள்ளுன மரம் ஒன்னுகூட நிக்கல. நான் தகரத்தத் தட்டுனேன், கத்துனேன். ஒன்னும் முடியலண்ணே." அழுகிறான் என்று தெரிந்தது.

நாலாவது வருடம். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. இந்த நரம்பை எனக்குத் தெரியும். இது புடைத்த பிறகு வீட்டில் எது பறக்கும் என்றும் தெரியும். கண்ணன் போனை இவர் கையிலிருந்து வாங்கப் போனான். இவர் கொடுக்கவில்லை.

"கூட்டத்துல குட்டி இருந்துச்சாடா?" என்று கேட்டார்.

"என்னண்ணே?"

"குட்டி. குட்டி இருந்துச்சான்னு கேட்டேன்."

"இருந்துச்சுண்ணே. காலையில தடம் பாத்தேன். சின்னத் தடம். நம்ம கம்பிய மண்ணுக்குள்ள அமுக்கிட்டு அது மேலயே நடந்து போயிருக்கு."

இவர் போனை என் கையில் கொடுத்தார். கம்பியை எல்லாம் இன்றைக்கே சுருட்டிவிடும்படி பாண்டியிடம் நான்தான் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.